இரட்டைத் தவிலும் இரட்டைச் சப்வூபரும்

வெளிநாட்டில் உழைத்த பணத்தில் மாத்தளை நகரிலும் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கங்களிலும் எழுந்திருக்கும் புதிய வீடுகளின் முன்கூடத்தில் இன்று ஒரு பொருளைத் தவறாமல் காணலாம். பெரிய தொலைக்காட்சிப் பெட்டியின் காலடியில் கறுப்பு நிறத்தில் சதுரமாக ஒரு மரப்பெட்டி குந்தியிருக்கும். அதுதான் சப்வூபர். வசதி சற்றுக் கூடியவர் வீட்டில் அது ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். "ஒன்று போதாதா, எதற்கு இரண்டு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அப்போதுதான் சும்மா அதிரும்" என்ற பதில் வரும். விற்றவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் பதில் முழுமையானதன்று. இரண்டு சப்வூபர்களைச் சேர்த்து வைப்பதன் தலையாய பயன் அதிர்வைக் கூட்டுவதன்று. அறையில் இருக்கும் எல்லாருக்கும் அதைச் சமமாகப் பகிர்வதே. ஒலியியல் அறிஞர்கள் இதை அளந்து காட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தாழ்ந்த ஒலியை இரட்டையாக எழுப்பும் பழக்கமோ மாத்தளை மண்ணுக்கு மிகப் பழையது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது எனது நெடுநாள் எண்ணம். பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் மாசி மகத் தேர்த்திருவிழாவுக்கும் தோட்டப்புறச் செய்திகளுக்குமாக அந்த மாவட்டத்துக்குப் பலமுறை சென்று வந்தவன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

முதலில் சில கணக்குகள். ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பதே ஹேர்ட்ஸ் என்னும் அலகு. மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. சப்வூபர் என்னும் பெட்டிக்கு உரியது இதன் அடிநிலை மட்டுமே. பெரும்பாலான வீடுகளில் 20 முதல் 80 அல்லது 120 ஹேர்ட்ஸ் வரை.

ஒலி நொடிக்குச் சுமார் 344 மீற்றர் செல்கிறது. ஆகவே 20 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீற்றர் நீளமானது. 50 ஹேர்ட்ஸ் அலை ஏறக்குறைய 7 மீற்றர். நம்முடைய இரு செவிகளுக்கும் இடையிலுள்ள தூரமோ ஒரு சாணுக்கும் குறைவு. இத்தனை நீண்ட அலை இரண்டு செவிகளையும் அநேகமாக ஒரேவிதமாகவே தொடுவதால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளையால் பிரித்தறிய இயலாது. செவி திசையறியும் முறையை ஆங்கில அறிஞர் ரேலி பிரபு 1907ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சப்வூபரைக் கதிரைக்குப் பின்னால் வைத்தாலும் ஒலி திரையிலிருந்தே வருவதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. செவி தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. 20 ஹேர்ட்ஸ் ஒலி 70 டெசிபெல்லைத் தாண்டினாலொழிய நமக்குக் கேட்பதேயில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் 1933இல் செவியின் இந்த ஏற்றத்தாழ்வை வரைபடமாக்கினர். எனவே தாழ்ந்த ஒலியைக் கேட்கச் செய்யப் பெருமளவு காற்றைத் தள்ளவேண்டும். பெரிய தோல் வேண்டும், அல்லது பெரிய கூம்பு வேண்டும். இரண்டுக்கும் பின்னால் பலம் வேண்டும்.

அப்படிப் பிறந்த ஒலி எளிதில் அடங்குவதுமில்லை. உயர்ந்த ஒலியைக் காற்றும் மரமும் சுவரும் விரைவில் விழுங்கிவிடும். தாழ்ந்தது தடைகளைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். சாமி ஊர்வலம் வரும்போது நாதஸ்வரம் செவிக்கு எட்டுமுன்னரே மேளத்தின் அடி எட்டிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். மலைநாட்டில் இதன் பொருள் மிகப் பெரியது.

வடபாதையில் வந்த தோற்கருவி

1830களிலும் 40களிலும் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கான தொழிலாளர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே 200 கிலோமீற்றருக்கும் மேல் நடந்தனர். தம்புள்ளை, நாலந்தை வழியாக அவர்கள் வந்து சேர்ந்த முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளைக்கு இரயில் வந்தது 1880இல்தான். நோய் தீர்க்கும் தெய்வமான மாரியம்மனுக்கு இந்த நகரில் கோவில் எழுந்ததும், 1874இல் அது விரிவு பெற்றதும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டியவை.

அந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த இசைக்கருவிகளுள் முதன்மையானது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல்; அடிப்பதற்கு இரு குச்சிகள்; தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். அருகில் நின்றால் குச்சியின் சுரீரென்ற ஒலியே மேலோங்கும். மலையின் மறுபக்கத்திலோ அந்தக் கூர்மை தேய்ந்து அடியொலி மட்டும் மிஞ்சும். சப்வூபர் எழுப்பும் ஒலியைவிடத் தப்பின் ஒலி பெரும்பாலும் உயர்ந்ததே. ஆயினும் லயங்கள் சிதறிக் கிடந்த மலைச்சரிவில் எல்லாரையும் எட்டக்கூடிய கருவி அதுவாகவே இருந்தது.

தோட்ட நிர்வாகம் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. விடியுமுன்னே தப்பு ஒலிக்கும். தொழிலாளர் பிரட்டுக் களத்தில் வந்து நிற்கவேண்டும். சில தோட்டங்களில் கொம்பு, பிற்காலத்தில் மணியும் சங்கும். மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதை இந்த விடியற்பறையில்தான் தொடங்குகிறது. தூக்கத்தைக் கலைத்து வேலைக்கு இழுத்த அதே தப்புத்தான் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு முழங்கியது. மாரியம்மன் திருவிழாவுக்கும் முழங்கியது. சாவு வீட்டின் செய்தியையும் மலைக்கு மலை கொண்டு சென்றது. வெவ்வேறு காரியத்துக்கு வெவ்வேறு அடி. அடியைக் கேட்டே காரியத்தை அறிந்தார்கள்.

இரண்டாக ஒலிக்கும் மரபு

மாத்தளை மாவட்டத்தின் சிறப்பு, இங்கே தமிழ் மேளமும் சிங்கள மேளமும் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருப்பது. நகருக்கு வடக்கே அளுவிகாரை; இன்னும் வடக்கே தம்புள்ளைக் குகைக்கோவில். இரண்டும் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஆண்ட வலகம்பா மன்னனோடு சேர்த்துப் பேசப்படுபவை. பௌத்த விகாரைகளில் பூசை வேளையில் ஒலிக்கும் 'ஹேவிசி' மேளத்தில் மூன்று கருவிகள் இன்றியமையாதவை: தவுல, தம்மட்டம, ஹொரணை. நம்முடைய தவிலையும் தம்பட்டத்தையும் நாதஸ்வரத்தையும் அறிந்த எவருக்கும் இவற்றின் உறவு புரியும். பெயரும் அமைப்பும் அவ்வளவு நெருக்கம்.

இவற்றுள் தம்மட்டம ஓர் இரட்டைப் பறை. இரு சிறிய குடப்பறைகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் சுருதி சற்றுத் தாழ்ந்தது, மற்றதன் சுருதி சற்று உயர்ந்தது. நுனி வளையமாக வளைந்த இரு கோல்களால் அடிப்பர். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கருவி. பிரித்தால் கருவியே இல்லை.

முத்துமாரியம்மன் கோவிலுக்கு வருவோம். மாசி மகத்தில் பஞ்சரதங்கள் வீதியுலா வரும் நாளில் மேளக் குழுவைக் கவனியுங்கள். நாதஸ்வரக் குழுவில் தவில் ஒன்றோடு நிற்பது அரிது, இரண்டு இருக்கும். இணுவில், அளவெட்டி போன்ற யாழ்ப்பாணத்து ஊர்களின் தவில் மரபு இதைப் பெரும் கலையாக வளர்த்தது. தமிழகத்திலும் கொடிகட்டிப் பறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) அந்த மரபின் உச்சம். இரு தவில்களில் ஒன்று முன்னே பாயும்போது மற்றது காலத்தைப் பிடித்து நிற்கும். பிறகு இடம் மாறும். இறுதியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும். ஓர் இமைப்பொழுது பிசகினாலும் கூட்டத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் தெரிந்துவிடும்.

தவிலின் உள்ளேயே இந்த இரட்டை இருக்கிறது. வலந்தலை கூவும், தொப்பி உறுமும். இந்தியத் தோற்கருவிகளில் இருக்கும் இந்த நுட்பத்தை விஞ்ஞானத்தின் முன் வைத்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை, வெறுந்தோலின் ஒழுங்கற்ற மேலொலிகளை எவ்வாறு சுருதியோடு இணைந்தவையாக மாற்றுகிறது என்பதை அவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930களில் விரிவாகவும் ஆராய்ந்தார். நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளியாய்வுக்கு முன்னரே அவருடைய மனம் மேளத்தில் இருந்தது என்பது நமக்குப் பெருமை.

வானொலிக்குள் அடங்காத தொப்பி

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தியக் கரையெங்கும் கேட்கப்பட்டதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தோட்டத்துக் கடையிலும் லயத்து வாசலிலும் இருந்த அந்தச் சிறு வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கி, தவிலின் தொப்பியொலியை உருவாக்கும் வலிமை அற்றது. உள்ளங்கை அகலக் கூம்பு எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்?

அப்படியானால் நாம் கேட்டது என்ன? அடிப்படை ஒலி இல்லாமற்போனாலும் அதன் மேலொலிகள் வந்து சேர்ந்தால், மூளை விடுபட்டதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். கோவில் வீதியில் கேட்ட தவிலின் நினைவும் சேர்ந்துகொள்ள, ஒரு தலைமுறை தகரப்பெட்டிக்குள் முழுத் தவிலைக் கேட்டது. சுருதியை மூளை நிரப்பலாம். நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் அதிர்வை அது நிரப்பாது.

அந்த அதிர்வை இயந்திரத்தின் வழியே திரும்பக் கொண்டுவந்தது சினிமா. 1974இல் வெளியான ஹொலிவூட் படமான 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் சென்சரவுண்ட் என்னும் முறையைப் புகுத்தியது. நிலநடுக்கக் காட்சியில் பெரும் ஒலிபெருக்கிகள் செவிக்கு எட்டியும் எட்டாமலும் உறும, பார்வையாளரின் இருக்கைகள் நடுங்கின. அதே காலத்தில் கலிபோர்னியாவில் கென் கிரைசல் இசைப்பதிவுக் கூடத்துக்கென ஒரு சப்வூபரை வடிவமைத்தார். 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' தாழ்ந்த ஒலிக்கெனத் தனி ஒலித்தடங்களை 70 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் கொண்டு வந்தது. 1992இல் டொல்பி டிஜிட்டல் முறை அறிமுகமானபோது 5.1 என்னும் எண் நிலைபெற்றது. அதில் வரும் 'புள்ளி ஒன்று' தாழ்ந்த ஒலிக்கென்று ஒதுக்கப்பட்ட தடம். தமிழ்ச் சினிமாவில் 1995இன் 'குருதிப்புனல்' டொல்பி ஒலியமைப்போடு வந்தது. டிவிடி பரவியபின் அதே ஒலித்தடம் வீட்டுக்குள் நுழைந்தது. அதை ஒலிக்கச் சப்வூபரும் கூடவே வந்தது.

அறை செய்யும் அநீதி

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தவில் வீதியில் ஒலித்தது. தப்பு மலையில் ஒலித்தது. சப்வூபரோ நான்கு சுவர்களுக்குள் ஒலிக்கிறது.

ஐந்து மீற்றர் நீளமான ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 34 ஹேர்ட்ஸ் ஒலி சென்று திரும்பித் தன்மீதே விழுந்து ஒரே இடத்தில் நின்றுவிடும். இதை நிலையலை என்பர். அந்த ஒலி சுவரோரத்தில் இடிபோலக் கேட்கும். நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலே போகும். அகலம் நான்கு மீற்றர் என்றால் 43 ஹேர்ட்ஸிலும் இதே கூத்து. மாத்தளையில் எனது நண்பர் ஒருவரின் கூடத்தில் இதை நேரில் கண்டேன். சுவரோரச் சோபாவில் இருந்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு "குறையுங்கள்" என்றார். அதே நேரத்தில் நடுவில் இருந்த பையன் "கூட்டுங்கள்" என்றான். இருவர் சொன்னதும் உண்மை. படம் ஒன்று, பெட்டி ஒன்று, கேட்ட ஒலி மட்டும் இரண்டு.

பெட்டி ஒன்றாக இருக்கும்வரை, எந்த இருக்கைக்கு எவ்வளவு என்பதை அறையே தீர்மானிக்கிறது. பெட்டியை நகர்த்தலாம், ஓர் இருக்கைக்குச் சரியானால் இன்னொன்றுக்குக் கெடும்.

இரண்டாவது பெட்டியின் பணி இங்கேதான். கலிபோர்னியாவில் ஹாமன் நிறுவனத்தின் ஆய்வாளர் டொட் வெல்டி, எத்தனை சப்வூபர்கள் போதும் என்ற கேள்வியை ஆராய்ந்து 2002இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் முன்வைத்தார். 2006இல் அலன் டெவன்டியருடன் சேர்ந்து அதை விரிவாக்கினார். செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு மிகவும் குறையும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டே வைத்தாலும் அநேகமாக அதற்கு நிகரான பலன் கிடைக்கும். நான்குக்கு மேல் போவதில் பயன் சொற்பம். இதுவே அவர்கள் கண்ட முடிவின் சாரம்.

எப்படி? ஓர் ஊஞ்சலை ஒருவர் ஒரு பக்கமிருந்து தள்ளினால் அது ஆடும். மறுபக்கத்தில் இன்னொருவர் நின்று அதே கணத்தில் அதே பலத்தோடு தள்ளினால் ஊஞ்சல் அசையாது. அறையின் நீளவாக்கில் எழும் முதல் நிலையலைக்கு இதுவே நேர்கிறது. இரு முனையிலும் இரு பெட்டிகள் ஒருசேரத் தள்ள, அந்த அலை எழும்பவே முடிவதில்லை. பெட்டிகள் சுவரின் நடுவில் இருப்பதால் அகலவாக்கில் எழும் முதல் அலையையும் அவை கிளப்புவதில்லை. பிறகு எஞ்சுவது அறையின் ஆட்டமன்று, படத்தின் ஒலி.

அதிர்வு கூடும் என்று விற்பனையாளர் சொன்னதும் பொய்யன்று. இரண்டையும் அருகருகே வைத்து ஒருசேர இயக்கினால் 6 டெசிபெல் வரை கூடும். ஆனால் அறிவாளி அந்த 6 டெசிபெல்லைச் செலவழிக்காமல் சேமிப்பான். முன்பிருந்த அதே அளவு ஒலிக்கு ஒவ்வொரு கூம்பும் பாதித் தூரம் அசைந்தால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டிய மின்வலு நான்கில் ஒன்றாகிவிடும். திணறாமல் எழும் ஒலி தெளிவாக இருக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பெட்டிகளும் ஒரே கணத்தில் தள்ளவேண்டும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் ஒன்றை மற்றது அழித்துவிடும். இரண்டு பெட்டி வாங்கியவர் ஒரு பெட்டியின் ஒலியையும் இழப்பார். உங்கள் இருக்கைக்கு ஒரு பெட்டி மற்றதைவிட மூன்றரை மீற்றர் அருகில் இருந்தால் 50 ஹேர்ட்ஸில் இதுவே நிகழும். பெட்டியின் முதுகில் 0, 180 என்று குறித்த விசை இருப்பது இதற்காக. இரண்டையும் ஒரே மாதிரியாக வாங்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வையுங்கள். ஒலிக்கவிட்டு விசையை மாற்றி மாற்றிக் கேளுங்கள். தாழ்ந்த ஒலி நிறைவாக வரும் நிலையில் விட்டுவிடுங்கள். பின்னர் அளவைக் குறையுங்கள். சமமாகப் பரவிய ஒலியைக் கூட்டவேண்டிய தேவையே இராது.

வீதித் தவிலுக்கும் வீட்டுச் சப்வூபருக்கும் காரணம் வேறு. நிலையலையை அடக்குவதற்காக நம் முன்னோர் இரு தவில் வைத்தார்கள் என்று சொல்லி மார்தட்டமாட்டேன். கூட்டத்தின் நீளத்துக்கு ஒலி பரவவும், இசை இடையறாது ஓடவும், இரு கலைஞரின் கற்பனை ஒன்றையொன்று தூண்டவும் வைத்தார்கள். ஆனால் இரண்டும் காலத்தில் ஒன்றாமற்போனால் இரண்டாலும் பயனில்லை என்ற விதி இரு இடத்துக்கும் பொது.

சுவருக்கு அப்பால்

சமமாகப் பகிரவேண்டியவர்கள் கூடத்தில் இருப்பவர்கள் மட்டும்தானா? ஒலியின் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சுவர் அதைத் தடுக்கும் திறன் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. படத்தின் வசனம் அடுத்த வீட்டுக்குக் கேட்காது; இடி மட்டும் கேட்கும்.

பறையொலி சுவரைக் கடப்பது இலங்கையில் சிறு விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே பறையடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி இருந்தது. மாத்தளைக்கு அடுத்த கண்டி மாவட்டத்தின் கம்பளையில், பள்ளிவாசலைக் கடக்கும்போது பெரஹரவின் மேளம் ஒலிக்கலாமா என்ற தகராறு 1912இல் எழுந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்; 1915இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்டு நாடெங்கும் பரவிய கலவரத்தின் பின்னணியில் இந்த வழக்கும் இருந்ததை வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். 2007 நவம்பர் 9ஆம் திகதி வெலிகம வழக்கில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்று கட்டளையிட்டது. எந்த மதமானாலும் ஒலி தன் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்த நெருக்கடியை எல்லாரினும் நன்றாக அறிந்தவர்கள் லயத்து மக்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பக்கத்து அறைக்கும் இதற்கும் ஒரே சுவர். மேலே அனைவருக்கும் பொதுவான தகரக் கூரை. அவ்வளவு சிறிய அறையில் 47 ஹேர்ட்ஸுக்குக் கீழே நிலையலை எழவும் இடமில்லை. காற்று முழுவதும் ஒரே நெஞ்சுபோல விம்மி அடங்கும், கூரை தகதகக்கும். அங்கே ஒருவர் படம் பார்த்தால் வரிசை முழுவதும் அதிரும். ஒருவர் இறந்தால் வரிசை முழுவதும் தொலைக்காட்சியை நிறுத்தும். இந்த இரண்டாவது வழக்கத்துக்கு எந்த நீதிமன்றமும் கட்டளை இடவில்லை.

அடித்தவர் யார்?

சொல்லாமல் விடமுடியாத ஒன்று எஞ்சியிருக்கிறது. தாழ்ந்த ஒலியை எழுப்பியவர்களைச் சமூகமும் தாழ்த்தியே வைத்தது. தமிழரிடையே பறையடித்தவர்களுக்கும் சிங்களவரிடையே 'பெரவா' எனப்பட்ட மேளக்காரருக்கும் நேர்ந்தது ஒன்றே. அவர்கள் இன்றிப் பூசையில்லை, திருவிழாவில்லை, சாவுச் சடங்கில்லை. ஆயினும் அவர்கள் நின்ற இடம் எல்லாருக்கும் பின்னால். விடியற்காலையில் தோட்டம் முழுவதையும் எழுப்பியவன், எல்லாருக்கும் முன்பே எழுந்தவன், மற்றவர் வீட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கமுடியாதவனாக இருந்தான்.

அதனால் தப்பை வேண்டாமென்று எறிந்த இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எறிந்தது இழிவை. தோலும் மரமும் அதற்குக் காரணமல்ல என்றாலும் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. தமிழகத்தில் பறை மேடையேறி, திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்ற அமைப்புகளால் மானத்தின் முழக்கமாக மாறியிருக்கிறது. மலையகத்திலும் தப்பு பண்பாட்டு மேடைகளில் ஒலிக்கிறது. சினிமாப் பாடல்களில் ஒலிப்பதும் கூடிவிட்டது. கூடத்துச் சப்வூபரில் அதை எழுப்பிப் பெருமை கொள்ளும் பலர், அதே தப்பை அடிக்கும் மனிதரைத் தம் கூடத்துக் கதிரையில் அமரச் சொல்வார்களா என்பதை அவரவர்தாம் சொல்லவேண்டும்.

பிரட்டுக்கு இன்று தப்பு ஒலிப்பதில்லை. அந்த அடி இன்னதென்று அறிந்த முதியவர்கள் மாத்தளைத் தோட்டங்களில் அருகி வருகிறார்கள். பிரட்டு அடி, சாவு அடி, காமன் கூத்தின் அடி என ஒவ்வொன்றையும் பதிவு செய்யவேண்டும். கைபேசியில் பதிந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அதன் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைந்தது; தாழ்ந்த ஒலியை இரைச்சல் என்று கருதி வடிகட்டிவிடும்; நமக்குத் தப்பின் தோல் போய்க் குச்சி மட்டும் மிஞ்சும். நல்ல ஒலிவாங்கியோடு, அடிப்பவரின் பெயரையும் ஊரையும் அவர் விருப்பப்படி குறித்து, உழைப்புக்கு உரிய ஊதியமும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது சப்வூபர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் அந்தக் கருவியை வாங்கிவிடலாம். முதலாவது பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துச் சமாளிக்கலாம். அந்த அடிகள் இல்லாமற்போனால் எதை நகர்த்தியும் பயனில்லை.